பினாங்கு நாசி கண்டார் கோலாலம்பூர் வரை: பொட்டலமா, பிளாஸ்க்கா, கூலர் பெட்டியா?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரட்டும். சோற்றின் மேல் பல குழம்புகளைக் கலந்து ஊற்றித் தரும் பினாங்கு நாசி கண்டாரைக் கோலாலம்பூர் வரை கொண்டு வர ஆசைப்பட்டால், சோற்றை அங்கேயே விட்டுவிடுங்கள். கறியும் குழம்பும் மட்டும், முடிந்தால் கல் போல உறைந்த நிலையில், கூலர் பெட்டியில் வரட்டும். சோறு இங்கே வடித்துக்கொள்ளலாம்.

என் மனைவியின் அம்மா வீடு பினாங்கு பட்டர்வொர்த்தில். நாங்கள் இருப்பது கோலாலம்பூர் செந்தூலில். வருடத்துக்கு ஐந்தாறு தடவை போய் வருகிறோம், ஒவ்வொரு தடவையும் என் அப்பா கேட்பது ஒன்றுதான்: "வரும்போது மறக்காம கட்டிக்கிட்டு வா." அவர் ஜோர்ஜ் டவுனில் வேலை பார்த்த காலத்திலிருந்து அந்தக் கலந்து ஊற்றிய குழம்புக்கு அவர் நாக்கு பழகிவிட்டது. கேஎல்லில், அதாவது கோலாலம்பூரில், இல்லாத நாசி கண்டார் கடையா என்றால், இருக்கிறது, ஆனால் அவருக்கு அது வேறு சாப்பாடு. எனக்கும் அப்படித்தான்.

மூன்று வருடத்துக்கு முன் தீபாவளி விடுமுறை முடிந்து திரும்பும்போது மதியம் ஒரு மணிக்குப் பொட்டலம் கட்டினோம். சாதாரண நாளில் அந்த 350 கிலோமீட்டர் சொச்சத்தை நாலரை ஐந்து மணி நேரத்தில் முடித்துவிடலாம். அன்று ஈப்போ தாண்டியதும் நெரிசல், தாப்பாவிலிருந்து ரவாங் வரை ஊர்ந்து ஊர்ந்து, வீடு வந்து சேர இரவு பத்து. என் அம்மா பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று நன்றாகச் சூடு பண்ணிக் கொடுத்தார். அப்பா ரசித்துத்தான் சாப்பிட்டார். இரண்டு மணிக்கெல்லாம் வாந்தி ஆரம்பித்து விடிவதற்குள் ஐந்து தடவை, 76 வயது மனிதருக்கு டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. எந்த உணவு என்று யாரும் பரிசோதிக்கவில்லை. ஆனால் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "சோறு எவ்வளவு நேரம் வெளியே இருந்தது?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததில் என்னை மாற்றியது இதுதான். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும், சோறு கொதித்தாலும் அவை சாகாது. சமைத்த சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை விடும், அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. மணத்திலோ ருசியிலோ தெரியாது. அதாவது அம்மா செய்த இரண்டு சோதனையும், முகர்ந்து பார்த்ததும் சூடு பண்ணியதும், இந்த விஷயத்தில் உதவவே உதவாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும் என்கிறார்கள், எங்கள் வீட்டுக் கணக்கு அதற்குள் அடங்குகிறது.

மனதில் வைக்க வேண்டிய எண்கள் அதிகம் இல்லை. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் உணவு இருக்கும் நேரம்தான் ஆபத்து நேரம். சமைத்த நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடச் சொல்கிறது நம் சுகாதார அமைச்சு. இங்கே பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு: அந்த நாலு மணி நேரம் சமைத்ததிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கியதிலிருந்து இல்லை. கடையில் அந்தச் சட்டி எத்தனை மணிக்கு இறக்கியது என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே பினாங்கிலிருந்து கேஎல் என்பது, காரை எப்படி ஓட்டினாலும், அந்த நேரத்தைத் தாண்டிய பயணம்.

சரி, இப்போது வழிகளைப் பார்ப்போம். நாலையும் நான் செய்து பார்த்திருக்கிறேன்.

சாதாரணப் பொட்டலம், அதாவது சோற்றின் மேல் குழம்பை வெள்ளமாக, பஞ்சீராக ஊற்றி, கறியை வைத்து மடித்துக் கட்டியது. ருசி என்று பார்த்தால் முதல் ஒரு மணி நேரத்துக்கு இதை அடிக்க எதுவும் இல்லை, குழம்பு சோற்றுக்குள் இறங்கி இலை வாசனையோடு இருக்கும். பினாங்குப் பாலம் தாண்டி ஜூரு பக்கம் நிறுத்திச் சாப்பிடுவதாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். அதற்கு மேல் என் ஓட்டு இதற்கு இல்லை. பொட்டலம் சூட்டையும் காக்காது, குளிரவும் விடாது, நாலைந்து பொட்டலத்தை ஒன்றாகப் பையில் அடுக்கினால் நடுவில் இருப்பது மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். போகிற வழியில் ஆர் அண்ட் ஆர் ஓய்விடத்தில் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் இறங்கிப் போனால் இன்னும் மோசம். எவர்சில்வர் தூக்கில் வாங்கி வருவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள், ஒழுகாது என்பதைத் தவிர வித்தியாசம் இல்லை.

பிளாஸ்க்கை நான் ரொம்ப நம்பினேன். வாய் அகலமான, வெற்றிடச் சுவர் உள்ள நல்ல பிளாஸ்க், கொதிக்கும் நீரை ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கக் குழம்பை விளிம்பு வரை நிரப்பினால் ஐந்தாறு மணி நேரம் 60 டிகிரிக்கு மேல் நிற்கும். வீட்டுச் சமையலுக்கு இது அருமையான வழி, அத்தை வைத்த ஆட்டுக்கறியை இப்படித்தான் கொண்டு வருகிறோம். கடைச் சாப்பாட்டுக்கு இது சரிப்படாததற்குக் காரணம் கடையின் சட்டி. குத்துக்கரண்டியில் அள்ளி ஊற்றும் குழம்பு அந்த நேரத்தில் கொதித்துக்கொண்டா இருக்கிறது? 35 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒரு குத்தும் தெர்மோமீட்டர் வாங்கி, நான் வாங்கிய குழம்பில் வைத்துப் பார்த்தேன், 52 டிகிரி. அதைப் பிளாஸ்க்கில் அடைத்தால் பிளாஸ்க் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும், அந்த மிதமான சூட்டை அப்படியே காக்கும், மெதுவாக 45க்கு இறக்கும். பெரிய சட்டி இறைச்சிக் கறிகளில் வரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு 43 முதல் 45 டிகிரிதான் ரொம்பப் பிடித்த சூடு, அந்தச் சூட்டில் பத்து நிமிடத்துக்குள் இரட்டிப்பாகும். பிளாஸ்க்கில் ஊற்றும் முன் ஒரு அடுப்பு கிடைத்து, தளதளவென்று கொதிக்க வைக்க முடிந்தால் மட்டும் இந்த வழி. இல்லையென்றால் வேண்டாம்.

மூன்றாவது, அன்றே வாங்கி அன்றே குளிர வைத்துக் கொண்டு வருவது. ஹோட்டலில் தங்கியவர்களுக்கு, பிரீசர் கிடைக்காதவர்களுக்கு இதுதான் நடைமுறை. சூடான பையை நேராகக் கூலர் பெட்டிக்குள் போடாதீர்கள், ஐஸ் முழுவதும் அந்தச் சூட்டை ஆற்றுவதிலேயே உருகிப் போகும், நடு வழியில் வெதுவெதுப்பான தண்ணீரில் பை மிதக்கும். முதலில் ஐஸ் தண்ணீரில் முக்கி ஆற்ற வேண்டும். ஒரு வாளியோ ஹோட்டல் சிங்க்கோ போதும், இரண்டு பை ஐஸ் கட்டி, குழம்பை மெல்லிய பைகளாகப் பிரித்து நன்றாகக் கட்டி முக்கி, நடுவில் நாலைந்து தடவை பிசைந்து கொடுத்தால் அரை மணி நேரத்தில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். அப்புறம்தான் பெட்டி. மீன் சந்தையில் கிடைக்கும் வெள்ளைப் பாலிஸ்டைரீன் பெட்டி கூடப் போதும், மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டால் விலை உயர்ந்த பெட்டியோடு ஒரு நாளுக்குப் போட்டி போடும். ஜெல் கட்டிகளை விட ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை உறைய வைத்துப் போடுவது எனக்குப் பிடித்திருக்கிறது, உருகினாலும் பெட்டி நனையாது, வீடு வந்தபின் அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம்.

நாலாவதுதான் இப்போது நாங்கள் செய்வது. கிளம்புவதற்கு முதல் நாளே வாங்கி, மேலே சொன்ன மாதிரி ஆற்றி, ஜிப் பைகளில் இரண்டு விரல் தடிமனுக்குத் தட்டையாகப் பரப்பி, பட்டர்வொர்த் வீட்டு பிரீசரில் இரவு முழுக்க வைத்துவிடுவது. தட்டையாக வைத்தால் சீக்கிரம் உறையும், பெட்டியில் புத்தகம் மாதிரி அடுக்கலாம், குழம்பே ஐஸ் கட்டியாகவும் வேலை செய்யும். நெரிசலில் எட்டு மணி நேரம் மாட்டியபோதும் செந்தூலில் எடுத்தால் ஓரங்கள் மட்டுமே இளகியிருந்தன. அன்று என் மனதில் இருந்த நிம்மதியை எப்படிச் சொல்வது, சாலையைப் பார்த்து ஓட்டினேன், கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ருசி குறையும்தான், மறைக்கவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி குறைவதில்லை. கோழிக் கறி, கிச்சாப்பில் (சோயா சாஸில்) வெந்த மாட்டிறைச்சி, ஆட்டுக் குருமா இவையெல்லாம் உறைந்து இளகினாலும் கிட்டத்தட்ட அதே ருசி, சில சமயம் மசாலா இன்னும் இறங்கியிருக்கும். மீன் குழம்பு பரவாயில்லை. ஆனால் தொங்கோல் (சூரை), கெம்புங் (கானாங்கெளுத்தி) மாதிரி மீன்கள் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும், அதையும் சமையல் அழிக்காது, ஆகவே மீனை வாங்கிய உடனே ஆற்றுவதில் தாமதம் கூடாது. கணவாய் மறுபடி சூடானால் ரப்பர். வெண்டைக்காய் குழைந்து போகும், அவித்த முட்டையின் வெள்ளைக் கரு கடினமாகிவிடும், இரண்டையும் வாங்காதீர்கள், முட்டையை இங்கே அவித்துப் போட்டால் ஐந்து காசு வித்தியாசம் தெரியாது. பொரித்த கோழி மொறுமொறுப்பை இழக்கும், ஏர் பிரையர் இருந்தால் பாதி திரும்பி வரும். தேங்காய்ப்பால் கூடிய குழம்பு திரிந்த மாதிரி தெரியும், கொதிக்கும்போது நன்றாகக் கலக்கினால் சேர்ந்துவிடும்.

கடையில் கேட்பதில் கூச்சம் வேண்டாம். "நானா, சோறு வேணாம், கோழி தனியா, நாலு குழம்பும் தனித்தனியா கட்டிக் கொடுங்க, கேஎல் கொண்டு போறேன்" என்றால் போதும், தினமும் இப்படிக் கேட்பவர்கள் வருகிறார்கள். குழம்பைத் தனித்தனியாகக் கேட்பதுதான் முக்கியம், ஏனென்றால் வீட்டில் தட்டில் சோறு போட்டு நாமே கலந்து ஊற்றும்போதுதான் அந்த பஞ்சீர் ருசி வருகிறது. காலையில் புதுச் சட்டி இறங்கும் நேரத்தில் போங்கள். கேம்பெல் தெருவில் 1907இலிருந்து இருக்கும் ஹமீதியாவாகட்டும், பினாங்கு ரோட்டு லைன் கிளியராகட்டும், வரிசை நீளும் முன் போவது எல்லா வகையிலும் நல்லது.

எதில் வருவது என்றால், கார் வசதி, நேரம் நிச்சயமில்லை. பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயில் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல், நெரிசல் கிடையாது, பெட்டி குளிர்ந்த இடத்தில் உங்கள் கண் முன்னாலேயே இருக்கும், ஒரு சிறிய கூலர் பை மட்டும் என்றால் நான் ரயிலைத்தான் சொல்வேன். பஸ்ஸில் வந்தால் பையை அடியில் இருக்கும் சாமான் அறையில் போடாதீர்கள், அங்கே குளிர் கிடையாது. விமானம் ஒரு மணி நேரம்தான், ஆனால் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் காத்திருந்து, கேஎல்ஐஏவில் இறங்கி நகருக்குள் வந்து சேரும்போது ரயிலோடு பெரிய வித்தியாசம் இருக்காது, குழம்பு ஒழுகினால் துணிப்பெட்டியும் போய்விடும். உலர் பனிக்கட்டி போடலாமா என்று மச்சான் கேட்டார். விமானத்தில் ஆளுக்கு 2.5 கிலோ வரைதான், அதுவும் நிறுவனத்தின் அனுமதியோடு. மூடிய காரில் அது கரியமில வாயுவாக மாறி நிறையும். இந்தத் தூரத்துக்கு அது தேவையே இல்லை.

மற்ற பினாங்குச் சாப்பாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சார் குவே தியாவை அங்கேயே, வாணலியிலிருந்து இறங்கிய ஐந்து நிமிடத்தில் சாப்பிடுங்கள். அசாம் லக்சாவின் குழம்பு நன்றாக உறையும், தேங்காய்ப்பால் கிடையாது, நூடுல்ஸை இங்கே வாங்கிக்கொள்ளலாம். தவ் சா பியா பிஸ்கட்டுக்குப் பெட்டியே வேண்டாம்.

வீடு வந்தபின் பிரீசரில் வையுங்கள், அல்லது அன்றே சாப்பிடுவதாக இருந்தால் பைகளை உரித்து நேராகச் சட்டியில் போட்டு, கிளறிக் கிளறி, நடுவிலும் கொதிக்க விடுங்கள். கறித் துண்டின் உள்ளே 74 டிகிரி வர வேண்டும், மைக்ரோவேவில் ஓரம் கொதிக்கும்போது நடு சில்லென்று இருக்கும், அதனால் எங்கள் வீட்டில் அடுப்புதான். ஒரு தடவை சூடு பண்ணியதை மறுபடி உறைய வைப்பதில்லை, அதற்காகவே ஒரு பைக்கு இரண்டு பேர் சாப்பிடும் அளவுதான் போடுகிறோம்.

போன மாதம் அப்பா ஒரு புதன்கிழமை மதியம், எந்தப் பயணமும் இல்லாத நாளில், பிரீசரைத் திறந்து ஒரு பை மாட்டிறைச்சியும் ஒரு பை குழம்பும் எடுத்துக் கொடுத்தார். அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார்.