முதியோர் வலுப்பயிற்சிக்கு ரப்பர் பட்டையா, டம்பெல்லா?

65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் வாரத்தில் குறைந்தது 2 நாள் தசை வலுப்பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை. குளச்சலில் கடலுக்கு அருகே குடியிருக்கும் என் தாயாருக்காக ஜிம், இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை, கையால் தூக்கும் எடையான டம்பெல் ஆகிய மூன்றையும் எடைபோட்டு, இறுதியில் டம்பெல்லைத் தேர்ந்தெடுத்தோம். ஜிம்முக்காக நாகர்கோவில் வரை பஸ்ஸில் போய்வர அவர் சம்மதிக்கவில்லை; அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

பட்டை மலிவானது, காலில் விழுந்தாலும் காயமில்லை, மூட்டுவாதத்தால் பிடி தளர்ந்தவர்கள் உள்ளங்கையில் சுற்றிக்கொள்ளலாம். இத்தனை இருந்தும் நான் தயங்கியது அதன் பராமரிப்பை எண்ணித்தான். வெயிலும் வெப்பமும் ரப்பரைக் கெடுக்கும் என்பதைக் குலசேகரம், கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர்த் தோட்டக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சன்னல் கம்பியில் மாட்டியிருந்த எங்கள் பழைய பட்டை பார்வைக்குப் புதிதாகவே இருந்தது. இழுத்துப் பிடித்தபோதுதான் முடிச்சையொட்டி மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தன. முழு இழுப்பில் அறுந்தால் அது முகத்தில், ஏன், கண்ணிலேயே அடிக்கலாம். இழுத்தவர் நிலைதடுமாறிப் பின்பக்கமாக விழவும் கூடும். ஒவ்வொரு முறையும் அதைச் சோதித்துப் பார்க்க, பார்வை மங்கிய முதியவரால் இயலுமா?

டம்பெல்லுக்கு உப்புக்காற்றில் துரு ஏறும் என்பது உண்மையே. ஆனால் வார்ப்பிரும்பில் மேலோடு படியும் துரு கையைக் கறையாக்குமே தவிர, அதை அறுந்துபோகச் செய்யாது. பிளாஸ்டிக் உறையிட்டதை வாங்கினால் அந்தத் தொல்லையும் குறையும். அறுகோண வடிவமானால் உருளாது. தரையில் வைக்காமல் மேசைமேல் வைத்தால் குனிந்து எடுக்க வேண்டியதில்லை. நாற்காலியில் அமர்ந்து, 1 கிலோவில் தொடங்கி, தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென ஏறும். 10 முதல் 15 முறை தடுமாறாமல் தூக்க முடிந்த பிறகே எடையைக் கூட்டலாம்.

கால்களுக்கு இரண்டுமே தேவையில்லை. கைப்பிடியுள்ள நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே போதிய தொடக்கம். எலும்புத் தேய்மானமோ தோள் அறுவை சிகிச்சையோ உள்ளவர்களோடு எனக்குப் பழக்கமில்லை. அவர்கள் பிசியோதெரபிஸ்டைக் கேட்டே முடிவு செய்வது நல்லது. பிடிமானமே இல்லாதவர்களுக்குப் பட்டைதான் வழி என்றால், அதை வெயில் படாத டப்பாவில் வைத்து, வெடிப்பு தெரிந்த அன்றே வேறு வாங்கிவிட வேண்டும்.