பாஸ்போ-எர்க் ஆன்டிபாடி: மூன்று குப்பிகளில் எதை எடுப்பது?

செல்லுக்குள் வளர்ச்சிச் சமிக்ஞையைக் கடத்தும் எர்க் என்ற புரதத்துக்கு, அதைப் பிடித்துக் காட்டும் ஆன்டிபாடி வாங்கும் முன், எந்த எர்க்கைப் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். செல்லுக்குள் எர்க் எப்போதும் இருக்கிறது. இஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணி வெளியிலிருந்து வந்து தொட்டதும், சில நிமிடங்களில் மெக் என்ற நொதி அதன்மேல் இரண்டு பாஸ்பேட்டுகளை ஏற்றிவிடுகிறது. எர்க்கின் இரு வடிவங்களில் ஒன்றான எர்க்1-இல், 202ஆம் இடத்து த்ரியோனின், 204ஆம் இடத்து டைரோசின் என்ற அமினோ அமிலங்களில் அவை அமர்கின்றன. அந்தச் சில நிமிடங்களில் மொத்த எர்க் அளவு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். ஆகவே சமிக்ஞை ஓடுகிறதா என்று பார்க்க, பாஸ்பேட் ஏறிய எர்க்கை மட்டும் பிடிக்கும் பாஸ்போ-எர்க் ஆன்டிபாடிதான் வேண்டும். கடையில் அது மூன்று விதமாகக் கிடைக்கிறது: முயல் பாலிகுளோனல், சுண்டெலி மோனோகுளோனல், முயல் ரீகாம்பினன்ட் மோனோகுளோனல்.

பாலிகுளோனல் என்பது ஒரு கூட்டம். ஒரே புரதத்தின் பல இடங்களைப் பல ஆன்டிபாடிகள் பிடிப்பதால் சிக்னல் வலுவாக வரும் என்பது அதன் பெருமை. பாஸ்போ-எர்க்கில் அந்தப் பெருமைக்கு அவ்வளவு இடமில்லை. ஆன்டிபாடி உருவாக முயலுக்குச் செலுத்துவது, பாஸ்பேட் ஏற்றிய சிறு பெப்டைடுதான் (புரதத் துண்டு). பிடிக்க வேண்டிய இடமும் அந்தச் சிறு துண்டுதான். அதோடு, பாஸ்பேட் இல்லாத எர்க்கையும் பிடிக்கும் ஆன்டிபாடிகளைச் சீரத்திலிருந்து சலித்து எடுத்தாக வேண்டும். அந்தச் சலிப்பு லாட்டுக்கு லாட், அதாவது ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும், மாறும். ஒருமுறை ஆய்வின் நடுவில் எனக்கு லாட் மாறியது. செல் புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துச் சவ்வில் ஏற்றி ஆன்டிபாடியால் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில், சீரம் இல்லாமல் பட்டினி போட்ட செல்களில் பேண்ட் (எர்க் தெரியும் பட்டை) மங்கலாக இருக்க வேண்டும், தடியாக வந்தது. இரண்டு வாரம் செல்களைத்தான் சந்தேகித்தேன். பழைய குப்பியில் மிஞ்சியிருந்த கடைசித் துளிகளைக் கொண்டு அதே லைசேட்டை (செல்களை உடைத்து எடுத்த கரைசல்) மறுபடி ஓட்டிய பிறகுதான் குற்றம் எங்கே என்று தெரிந்தது. பழைய லாட் தீர்ந்துவிட்டது. அந்த ஆன்டிபாடியும் அதோடு போயிற்று.

சுண்டெலி மோனோகுளோனல் இந்தக் கவலையைப் பெருமளவு தீர்த்தது. 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் உருவாக்கிய ஹைப்ரிடோமா முறையில், ஒரே செல்லின் வழித்தோன்றல்கள் ஒரே ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருக்கும். 1984இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 185 ஹைப்ரிடோமாக்களைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒன்று கூடுதலான ஆன்டிபாடிச் சங்கிலிகளையும் உற்பத்தி செய்வது தெரியவந்தது. 'மோனோ' என்று லேபிளில் இருந்தாலும் உள்ளே ஒன்றுதான் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

ரீகாம்பினன்டில் ஆன்டிபாடியின் மரபணு வரிசையே கையில் இருக்கிறது. அதை வளர்ப்புச் செல்லில் செலுத்தி எத்தனை முறை வேண்டுமானாலும் அதே மூலக்கூறைச் செய்துகொள்ளலாம். 2015இல் ஆன்டிபாடி ஆய்வாளர்களான பிராட்பரியும் ப்ளூக்துனும், நூற்றுக்கும் மேற்பட்டோர் உடன் கையெழுத்திட, நேச்சர் இதழில் இதைத்தான் வலியுறுத்தினார்கள். 2023இல் 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளை நாக்அவுட் செல்களோடு (அந்தப் புரதத்தின் மரபணு நீக்கப்பட்டவை) ஒப்பிட்ட ஆய்விலும் ரீகாம்பினன்ட் வகையே முன்னால் நின்றது. மாதக்கணக்கில் ஓடும் ஆய்வுக்கு நான் இதைத்தான் எடுப்பேன். அடுத்த வருடமும் அதே பொருள் வரும் என்ற உறுதி எனக்கு மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிது.

எதை வாங்கினாலும் சொந்தச் செல்லில் சோதிக்காமல் நம்பாதீர்கள். மொத்த எர்க் ஆன்டிபாடிக்கு நாக்அவுட் செல் நல்ல சாட்சி. பாஸ்போவுக்கு அது பாதிச் சாட்சிதான்: பிடிப்பது எர்க் என்று சொல்லும், பாஸ்பேட்டைப் பார்த்துத்தான் பிடிக்கிறது என்று சொல்லாது. அதற்கு நான் வெஸ்டர்ன் பிளாட்டில் நான்கு லேன்கள் (மாதிரிக்கு ஒரு தடம்) ஓட்டுவேன். பட்டினி போட்ட செல், ஐந்து நிமிடம் இஜிஎஃப் கொடுத்த செல், முன்கூட்டியே யு0126 என்ற தடுப்பானைக் கொடுத்து மெக்கை அடக்கிய செல், லாம்ப்டா பாஸ்பட்டேஸ் என்ற நொதியால் பாஸ்பேட்டைக் கழற்றிய லைசேட். இரண்டாவது லேனில் மட்டும் 42, 44 கிலோடால்டனில் இரட்டைப் பேண்ட் பளிச்சென்று வர வேண்டும். கடைசி லேனிலும் வந்தால் அந்தக் குப்பியை எடுத்து ஓரமாக வையுங்கள். ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதபடி சவ்வைப் பாலில் பிளாக் செய்வதையும் தவிர்ப்பது நல்லது. பாலில் உள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம். மாட்டுச் சீரப் புரதமான பிஎஸ்ஏ போதும்.

இவ்வளவு சொன்னாலும் சுண்டெலிக் குப்பியை நான் ஒதுக்கவில்லை. மொத்த எர்க்குக்குச் சுண்டெலி ஆன்டிபாடி, பாஸ்போவுக்கு முயல் ஆன்டிபாடி என்று ஜோடி சேர்த்து, அவற்றைத் தனித்தனியே பிடிக்கும் இரண்டு நிற ஒளிரும் இரண்டாம் நிலை ஆன்டிபாடிகளைப் போட்டால், ஒரே லேனில் இரண்டையும் அளந்து விகிதம் எடுக்கலாம். சவ்வை உரித்து மறுபடி ஓட்டும் வேலையும், அதில் புரதம் கழுவிப்போகிறதே என்ற பயமும் இல்லை. சுண்டெலியில் வளர்த்த மனிதக் கட்டியின் திசுவில் மட்டும் இந்த ஜோடி சரிப்படாது. சுண்டெலிக்கு எதிரான இரண்டாம் நிலை ஆன்டிபாடி அந்தத் திசுவின் சொந்த இம்யூனோகுளோபுலினையும் (சுண்டெலியின் ஆன்டிபாடி) பிடித்துப் பின்னணியைக் கறுக்கடித்துவிடும். அங்கே இரண்டுக்குமே முயல்தான், அடுத்தடுத்த திசுச் சீவல்களில்.