ஜப்பான் மங்கா, கொரிய வெப்டூன்: மொழிபெயர்ப்பில் எதை, எப்படிப் படிப்பது?

சோலோ லெவலிங் அனிமே தமிழ் டப்பிங்கிலும் வந்த பிறகு, மூலக் கதையைத் தேடிப் போன பலருக்கு ஒரு விஷயம் புதிதாகத் தெரிந்தது. அனிமே எடுத்தது ஜப்பானில், கதை பிறந்தது கொரியாவில். அப்படி வெப்டூன் பக்கம், அதாவது போனில் மேலிருந்து கீழாக உருட்டிப் படிக்கும் கொரியக் காமிக்ஸ் பக்கம், வந்தவர்கள் ஒரு புறம். நருட்டோ, ஒன் பீஸ் என்று பல வருடமாக மங்கா என்ற ஜப்பானியக் காமிக்ஸ் படிப்பவர்கள் மறுபுறம். இரண்டு தரப்பும் சந்தித்தால் வாதம் வழக்கமாக இப்படிப் போகும். "வெப்டூன்ல படம் பளபளன்னு இருக்கும், கதை தண்ணி." "மங்கா வெறும் கறுப்பு வெள்ளை, அதையும் பின்னாலேருந்து படிக்கணும், யாரால முடியும்?"

இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். நாம் இவற்றைப் படிப்பது மொழிபெயர்ப்பில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், அதுவும் போனில். மூலத்துக்கும் நமக்கும் நடுவே இத்தனை கைகள் இருக்கின்றன. அதனால் எந்தப் பதிப்பை, எதில் வைத்துப் படித்தேன் என்று சொல்லாத விமர்சனத்தை நான் நம்புவதில்லை. படைப்பைக் குறை சொல்கிறாரா, அது வந்து சேர்ந்த வடிவத்தைக் குறை சொல்கிறாரா என்றே பிடிபடாது.

பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம். மங்கா வரைபவர் விரித்து வைத்த இரண்டு பக்கங்களாகத்தான் யோசிக்கிறார். கண் வலது மேல் மூலையில் நுழைந்து, கட்டம் கட்டமாக இறங்கி, இடது கீழ் மூலையில் வெளியேறுகிறது. அந்தக் கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வியோ திடுக்கிட்ட முகமோ இருக்கும். பதில் பக்கத்தைப் புரட்டினால்தான் தெரியும். வாரப் பத்திரிகையில் ஓர் அத்தியாயம் சுமார் 19 பக்கம். அதற்குள் பெரிய படம் எந்தப் பக்கத்தில் விழ வேண்டும் என்பதில்தான் பாதித் திறமை இருக்கிறது.

இந்தத் திசை மொழிபெயர்ப்பாளர்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. கட்சுஹிரோ ஓட்டோமோவின் அகிரா, 1988-ல் மார்வெலின் எபிக் காமிக்ஸ் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, பக்கங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, வண்ணமும் பூசித்தான் வெளியிட்டார்கள். அப்படித் திருப்பினால் வலக்கைக்காரர் எல்லாம் இடக்கைக்காரர் ஆகிவிடுவார். பிளேட் ஆஃப் தி இம்மார்ட்டல் தொடரில் சிக்கல் இன்னும் பெரிது. அதன் நாயகன் முதுகில் புத்த மதத்தின் மஞ்சி என்ற ஸ்வஸ்திகா சின்னம் இருக்கும். பக்கத்தைத் திருப்பினால் அது ஹிட்லர் கொடியின் திசைக்கு மாறிவிடும். அதனால் டார்க் ஹார்ஸ் பதிப்பகம் படங்களைத் திருப்பாமல், கட்டங்களை மட்டும் வெட்டி இடம் மாற்றி ஒட்டியது. அந்தப் பதிப்பை மட்டும் படித்துவிட்டு "பக்க அமைப்பு சரியில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தால், வெட்டி ஒட்டியவர் மேல் சொல்ல வேண்டிய குறையை, அதை வரைந்த ஹிரோஆகி சமுரா மேல் சொன்னதாகியிருக்கும்.

2002-ல் டோக்கியோபாப் பதிப்பகம், இனி மங்காவைத் திருப்பாமல் ஜப்பானிய திசையிலேயே போடுகிறோம் என்று அறிவித்தது. வாசகர்கள் பழகிக்கொண்டார்கள், மற்றப் பதிப்பகங்களும் அந்த வழிக்கு வந்தன. அகிரா மூலத் திசையில், கையால் வரைந்த ஜப்பானிய ஒலி எழுத்துகளோடு ('டமார்' போன்றவை) ஆங்கிலத்தில் வர 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லயன், முத்து காமிக்ஸில் டெக்ஸ் வில்லரையும் லக்கி லுக்கையும் இடமிருந்து வலமாகப் படித்து வளர்ந்த நமக்கு முதல் இரண்டு அத்தியாயம் கண் தடுமாறும். மூன்றாவதில் பழகிவிடும். அதைக் காரணம் காட்டி மங்காவை ஒதுக்குவது வீண்.

வெப்டூனில் பக்கமே கிடையாது. கொரியாவில் 2003-ல் காங் ஃபுல் டௌம் தளத்தில் வரைந்த காதல் தொடர், கட்டங்களை மேலிருந்து கீழாக வரிசையாக ஓடவிட்டது. அடுத்த வருடம் நேவர் என்ற கொரிய இணைய நிறுவனம் தன் வெப்டூன் பிரிவைத் தொடங்கியது. ஆங்கில வாசகருக்கு அது 2014 ஜூலையில் வந்து சேர்ந்தது. இங்கே நேரத்தைக் காட்டுவது வெற்றிடம். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் நீளமாக வெள்ளையோ கறுப்போ விட்டால், கட்டைவிரல் அதைக் கடக்கும் நேரம்தான் கதையின் மௌனம். ஒருவன் பள்ளத்தில் விழுந்தால் நாமும் அவனோடு கீழே போய்க்கொண்டே இருப்போம். எஸ்.ஐ.யூ. என்ற ஓவியர் 2010-ல் தொடங்கிய டவர் ஆஃப் காட், ஒரு கோபுரத்தில் தளம் தளமாக ஏறும் கதை. இந்த வடிவத்துக்கு அதைவிடப் பொருத்தமான களம் எனக்குத் தோன்றவில்லை.

இதன் பலவீனம் அகலம். போன் திரை எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் காட்சி. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நடப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதும், பெருங்கூட்டத்தை விரித்துக் காட்டுவதும் கடினம். அதனால் பல தொடர்களில் முகம், வசனம், முகம், வசனம் என்றே ஓடுகிறது. "கதை தண்ணி" என்ற புகாரில் ஒரு பங்கு இங்கிருந்துதான் வருகிறது.

சோலோ லெவலிங்கை யென் பிரஸ் பதிப்பகம் 2021 முதல் ஆங்கிலத்தில் வண்ணப் புத்தகமாகப் போடுகிறது. நீண்ட திரையை வெட்டி, கட்டங்களைப் பக்கத்துக்குள் அடுக்கியிருக்கிறார்கள். தாள் நன்றாக இருக்கிறது, வண்ணம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அலமாரிக்கும் அழகு. ஆனால் சண்டைக் காட்சிகளில், போனில் ஒரே வீச்சாக மேலிருந்து கீழே பாய்ந்த உந்துதல் புத்தகத்தில் துண்டு துண்டாகிவிட்டது. மங்காவைப் போனில் படித்தால் நேர்மாறான நஷ்டம். விரிந்த இரண்டு பக்கம் நடுவில் பிளந்துவிடும், எழுத்து எறும்பளவு ஆகிவிடும். என் பரிந்துரை எளிது: மங்காவைத் தாளில் அல்லது டேப்லெட்டில் படியுங்கள், வெப்டூனைப் போனில் படியுங்கள். மாற்றிப் படித்துவிட்டு விமர்சனம் எழுதாதீர்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் பலூன், அதாவது வசனம் எழுதும் குமிழி. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் மொழிபெயர்ப்பைத் தீர்மானிப்பதில் இதற்குப் பெரிய பங்குண்டு. மங்காவில் வசனம் மேலிருந்து கீழாக எழுதப்படுவதால் பலூன்கள் உயரமாக, ஒல்லியாக இருக்கும். அதற்குள் கிடைமட்டமாக ஓடும் ஆங்கிலத்தைத் திணிக்கும்போது சொல்லை உடைக்கிறார்கள், வசனத்தைச் சுருக்குகிறார்கள். ஒலி எழுத்துகளோ ஓவியத்தோடு பின்னிக் கிடக்கும். அவற்றை அழித்து மறுபடி வரைவதா, பக்கத்தில் சின்னதாகப் பொருள் எழுதுவதா என்று பதிப்பகத்துக்குப் பதிப்பகம் முடிவு மாறும். கொரிய எழுத்து இப்போது கிடைமட்டமாகத்தான் ஓடுகிறது. வெப்டூன் கணினியில் தனித்தனி அடுக்குகளாக உருவாவதால், எழுத்தை மட்டும் கழற்றி வேறு மொழியை ஏற்றுவதும் சுலபம். பலூன் கட்டத்துக்கு வெளியே வெற்றிடத்தில் மிதப்பதால் நீளமான சொல்லுக்கும் இடம் உண்டு. தமிழில் ஒரே சொல் எவ்வளவு நீளம் போகும் என்பது நமக்குத் தெரியும். தொழில்நுட்பத்தை மட்டும் பார்த்தால் தமிழாக்கத்துக்கு வெப்டூன்தான் வசதி.

மொழிபெயர்ப்பாளருக்குத் தரும் மரியாதையில் மங்காப் புத்தகம் முன்னே நிற்கிறது. மொழிபெயர்த்தவர், எழுத்து பதித்தவர், தொகுப்பாசிரியர் என்று பெயர் அச்சாகியிருக்கும். செயலியில் ஓடும் வெப்டூன் பலவற்றில் அந்தப் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், தேடினாலும் கிடைக்காது. நடுவழியில் ஆள் மாறினால் பாத்திரத்தின் பேச்சும் மாறிவிடுகிறது. படிப்பவர் அதை எழுத்தாளரின் தடுமாற்றம் என்று நினைத்துக்கொள்கிறார்.

மொழிபெயர்ப்பு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் சோலோ லெவலிங்கே உதாரணம். ஜப்பானியப் பதிப்பில் நாயகன் சுங் ஜின்வூ அல்ல, மிசுஷினோ ஷுன். களமும் ஜப்பானுக்கு மாறிவிட்டது. உள்ளூர் வாசகர் ஒட்டிக்கொள்வார் என்ற வியாபாரக் கணக்கு புரிகிறது. ஆனால் கொரியாவும் ஜப்பானும் எதிரெதிரே நிற்கும் பகுதிகளைக் கொண்ட கதையில் ஊரையே மாற்றினால் அதன் கோபம் எங்கே போகும்? ஆங்கிலத்தில் இந்த மாற்றம் வராதது நமக்கு நல்லது.

செலவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஷுயேஷா நிறுவனம் 2019 ஜனவரியில் தொடங்கிய மங்கா பிளஸ், தொடர்களின் முதல் சில அத்தியாயங்களையும் புதிதாக வந்த சில அத்தியாயங்களையும் இலவசமாகத் தருகிறது, ஜப்பானில் வெளியாகும் அதே நேரத்தில். வெப்டூன் செயலிகளில் காத்திருந்தால் இலவசம், முந்திக்கொள்ள, காசு கொடுத்து வாங்கும் செயலி நாணயம். இப்படிச் சட்டப்படி கிடைக்கும்போது, திருட்டுத் தளத்தில் யாரோ ஓர் இரவில் மொழிபெயர்த்த பதிப்பைப் படித்துவிட்டு "வசனம் மோசம்" என்று எழுதுவது அநியாயம்.

இந்திய மொழி என்றதும் ஒரு மனிதரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யுகிச்சி யாமமட்சு என்ற ஜப்பானிய ஓவியர், மங்காவை இந்தியில் மொழிபெயர்த்து டெல்லித் தெருவில் தானே விற்க வந்தார். அந்த அனுபவத்தை மங்காவாகவே வரைந்தார். அதை ஆங்கிலத்தில் வெளியிட்டது சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம்.

இதுவரை மங்கா என்றால் ஜப்பானியப் பக்கம், கொரியா என்றால் ஸ்க்ரோல் என்றே பேசிவந்தேன். கொரியாவை அப்படிச் சுருக்கிவிடக் கூடாது. நான் எல்லாரையும் படிக்கச் சொல்லும் ஜோடி ஒன்று இருக்கிறது. இரண்டும் கறுப்பு வெள்ளை, இரண்டும் தாளில் வந்தவை, இரண்டும் ஒரே போரை, இரண்டாம் உலகப் போரைப் பற்றியவை. ஆங்கிலத்தில் இரண்டையும் வெளியிட்டதும் கனடாவின் டிரான் அண்ட் குவார்ட்டர்லி.

ஒன்று ஷிகெரு மிசுகி 1973-ல் வரைந்த ஆன்வர்ட் டுவர்ட்ஸ் அவர் நோபிள் டெத்ஸ். ஜோஸ்லின் ஆலன் மொழிபெயர்ப்பில் 2011-ல் வந்தது. மிசுகி பசிபிக்கின் நியூ பிரிட்டன் தீவில் ஜப்பானியச் சிப்பாயாக இருந்து, குண்டுவீச்சில் இடது கையை இழந்தவர். கதையில் ஒரு படைப்பிரிவைத் தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்புகிறார்கள். சிலர் பிழைத்துவிடுகிறார்கள். ஆனால் அவர்கள் வீரமரணம் அடைந்ததாக மேலிடத்துக்கு ஏற்கெனவே தகவல் போய்விட்டது, அதனால் மறுபடி போய்ச் சாகச் சொல்கிறார்கள். சிப்பாய்களை வட்ட முகமும் பல்லுமாகக் கேலிச்சித்திரம் போல வரைகிறார். காட்டையும் கடலையும் புகைப்படம் போல வரைகிறார். கடைசிப் பக்கங்களில் உடல்களும் நிஜமாகிவிடுகின்றன.

இன்னொன்று க்யும் சுக் ஜெண்ட்ரி-கிம் 2017-ல் வெளியிட்ட கிராஸ் (Grass, புல்). ஜேனட் ஹாங் மொழிபெயர்ப்பில் 2019-ல் ஆங்கிலத்தில் வந்து, அடுத்த வருடம் காமிக்ஸுக்கான ஹார்வி விருது பெற்றது. ஜப்பானிய ராணுவம் பாலியல் அடிமையாக வைத்திருந்த இ ஓக்-சுன் என்ற பெண்ணின் வாழ்க்கை இது. பூசானில் வறுமையில் பிறந்து, சிறு வயதிலேயே வேறு வீட்டுக்குப் போய், 1942-ல் சீனாவுக்குக் கடத்தப்பட்டவர். சொந்த நாட்டுக்குத் திரும்பியது 2000-ல். வன்முறை நடக்கும் இடத்தில் ஜெண்ட்ரி-கிம் அதை வரைய மறுக்கிறார். கட்டங்கள் கறுப்பாகின்றன. பிறகு தூரிகை மரங்களையும் புல்லையும் பக்கம் பக்கமாக வரைந்துகொண்டே போகிறது. அவரே பல காலம் கொரியக் காமிக்ஸைப் பிரெஞ்சுக்கு மொழிபெயர்த்தவர் என்பதாலோ என்னவோ, வசனம் குறைவு, இருக்கும் வசனம் எல்லாம் முதியவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து பேசுவது போலவே இருக்கிறது.

மிசுகியின் புத்தகம் தொடங்கும்போது, தீவில் இருக்கும் ராணுவப் பாலியல் விடுதி ஒன்றின் முன் சிப்பாய்கள் வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே இருக்கும் பெண்கள் சில பக்கங்களோடு கதையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். மிசுகி அந்தப் பெண்களை இகழவில்லை. அவர் நின்றது வரிசையில் நின்றவர்களின் பக்கம், அதனால் அவர் கண்ணுக்கு எட்டியது அவ்வளவுதான். ஜெண்ட்ரி-கிம் அந்தக் கதவுக்கு உள்ளே இருந்து ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். ஒன்றை மட்டும் படித்தவருக்கு மற்றதன் அளவு தெரியாது.

சரி, விமர்சனம் எழுதுபவருக்கு. மங்காவுக்கு ஒரு முழுத் தொகுதியாவது படியுங்கள். அத்தியாயங்கள் தொகுதியாகச் சேரும்போதுதான் ஓட்டம் தெரியும். வெப்டூனுக்கு முதல் சீசன் முடியட்டும். இலவச அத்தியாயங்கள் வாசகரை இழுக்கவே எழுதப்பட்டவை, சரக்கு இருக்கிறதா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். எழுதியவரையும் வரைந்தவரையும் தனித்தனியே குறிப்பிடுங்கள். சோலோ லெவலிங்குக்கு மூலமான நாவல் சுகோங் எழுதியது, ஆனால் உலகம் கொண்டாடிய அந்தப் படங்கள் டுபு என்ற ஓவியருடையவை. அவர் 2022 ஜூலையில் காலமானார், 2023-ல் வந்த துணைக் கதைகளை ரெடைஸ் ஸ்டுடியோ முடித்தது. வாரம் தவறாமல் முழு வண்ணத்தில் நீண்ட அத்தியாயம் தருவது மனித உடம்பால் எளிதில் முடிகிற வேலை அல்ல. தொடர் இடைவேளை எடுத்தால் ஒரு நட்சத்திரம் குறைப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

புதிதாக வருபவர் எதில் தொடங்கலாம் என்று கேட்டால் என் பதில்: பஸ்ஸிலும் ரயிலிலும்தான் நேரம் கிடைக்கிறது என்றால் டவர் ஆஃப் காட். தொடக்கத்தில் ஓவியம் முரடாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், போகப் போகக் கை தேர்வதைக் கண்ணால் பார்க்கலாம். வீட்டில் மேஜையும் வெளிச்சமும் உண்டு என்றால் அகிரா, 2017 பதிப்பு. திரும்பத் திரும்பப் படிக்க நான் எடுப்பது இன்னமும் மங்காவைத்தான். புரட்டி நின்று, பின்னால் போய், ஒரே பக்கத்தை வெகுநேரம் பார்க்க அது இடம் தருகிறது. மிசுகியையும் ஜெண்ட்ரி-கிம்மையும் எப்போது படித்தாலும் மிசுகியை முதலில் படியுங்கள். கிராஸ் முடித்த கையோடு அவரைத் திறந்தால், அந்த வரிசைக் காட்சியைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போகவே மனம் வராது. பிறகு வரும் சிப்பாய்களின் சாவுக்கு அவர் கேட்கும் கண்ணீரை உங்களால் கொடுக்க முடியாமல் போகலாம். அவர்களுக்கும் அது சேர வேண்டியதுதான்.