டிஸ்க் மாற்றியதாகச் சொன்னால் போல்டைக் காட்டச் சொல்லுங்கள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், உச்சிப்புளிப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். முன் சக்கரங்கள் இரண்டிலும் பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) மாற்றியதாகச் சொல்லி ஒரு பட்டறை எங்களிடம் பணம் வாங்கியது. இடது பக்க டிஸ்க்கை அவர்கள் கழற்றவே இல்லை. கழற்றப் பார்த்து, துருவேறி இறுகிப்போன போல்டுக்குள் ஈஸி அவுட்டின் (ஒடிந்த போல்டை வெளியே எடுக்கும் கருவி) முனையை ஒடித்துவிட்டு, அந்த ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்து வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். அந்த வண்டியில் அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறோம். நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது நடக்கட்டும்.

போல்ட் இறுகியதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. இது உப்புக்காற்று ஊர். 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு தனுஷ்கோடிக்குப் போய்வராத வண்டியே இங்கு இல்லை. அலைத்தெறிப்பும் ஈர மணலும் சக்கரத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரேக் மிதித்தால் டிஸ்க்கை இறுக்கும் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட் போல்டுகள் உட்பக்கமாக, கண்ணில் படாத இடத்தில் இருப்பவை. வருஷக்கணக்கில் கை படாமல் கிடந்தால் மரையோடு மரை துருவில் ஒட்டிப்போகும். நல்ல மெக்கானிக் கையிலும் அது மக்கர் பண்ணும். "அண்ணே, போல்ட் வரல, தலை மழுங்கிருச்சு, என்ன செய்யலாம்?" என்று ஒரு போன் போட்டிருந்தால் பேசி முடித்திருக்கலாம். மறைத்தார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

வண்டி வந்ததிலிருந்தே பிரேக் பிடித்தால் வலப்பக்கம் இழுத்தது. பட்டறைக்காரரிடம் கேட்டதற்கு, "புது பேடு சார், செட்டாக கொஞ்ச நாள் ஆகும்" என்றார். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் புது பேடு அதோடு படியக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு பக்கமாக இழுப்பதற்கு அது காரணம் ஆகாது. இழுப்பு நிற்காததால் ராமநாதபுரத்தில் மெக்கானிக் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம். சக்கரத்தைக் கழற்றியதும் அவர் முதலில் பார்த்தது அந்தப் பெயின்டைத்தான். சுற்றியுள்ள இரும்பெல்லாம் செம்பட்டையாக இருக்க, ஒரு போல்டின் தலை மட்டும் கறுகறு என்றிருந்தது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினார். எம்சீல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே பளபளவென்று ஒரு உருக்குத் துண்டு.

"தம்பி, இந்தப் பக்கம் டிஸ்க் மாத்துனதாவா சொன்னாங்க?"

"ஆமாண்ணே. ரெண்டு பக்கத்துக்கும் காசு வாங்கியிருக்காங்க."

"இந்த போல்ட் இறங்காம பிராக்கெட் வராதுப்பா. பிராக்கெட் வராம டிஸ்க் எப்படி வரும்?"

பிறகு வெர்னியர் வைத்து டிஸ்க்கின் கனத்தை அளந்து காட்டினார். இதற்குக் கீழே தேயக் கூடாது என்கிற அளவை டிஸ்க்கிலேயே மில்லிமீட்டரில் பொறித்திருப்பார்கள். அதற்கும் கீழே போயிருந்தது. முகத்தை எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கியிருக்கிறார்கள். வலது பக்கம் உண்மையிலேயே புதுசு, இடது பக்கம் தேய்ந்த பழசு. அதனால்தான் அந்த இழுப்பு.

ஈஸி அவுட் ஏன் ஒடிந்தது என்பதையும் அவரே விளக்கினார். தலை ஒடிந்து உள்ளே மாட்டிக்கொண்ட போல்டை எடுக்க, நடுவில் துளை போட்டு, இடப்புறமாகத் திருகும் அந்த முனையை உள்ளே இறக்குவார்கள். அது மிகக் கடினமான உருக்கு. கடினமாக இருப்பதாலேயே வளையாது, பட்டென்று ஒடியும். முழு போல்டுக்கே அசையாத மரை அதைவிட ஒல்லியான முனைக்கு அசையுமா? போதாக்குறைக்கு, உள்ளே இறங்க இறங்க அது போல்டை விரித்து இன்னும் இறுக்கும். ஒடிந்த துண்டைச் சாதாரண டிரில் பிட் தொடவும் முடியாது. வழுக்கிப் பக்கத்து இரும்பைத் தின்னும். அதை எடுக்கக் கார்பைடு முனையால் பொறுமையாக அரைக்க வேண்டும், இல்லையென்றால் மின்பொறியால் இரும்பை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் எந்திரம் உள்ள பட்டறைக்குப் போக வேண்டும். இதில் எனக்கு மிகவும் வலித்தது, எங்கள் போல்டின் தலை மழுங்கியிருந்ததே தவிர ஒடியவில்லை. ஈஸி அவுட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

பெரியவர் அந்தத் துண்டோடு மல்லுக்கு நிற்கவில்லை. முந்தின நாள் மாலையே துரு இளக்கும் ஆயிலை மரைப் பக்கம் விட்டு ஊற வைத்தார், டிஸ்க் மேல் ஒரு சொட்டுப் படாமல். காலையில் பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றினார்; ஏபிஎஸ் சென்சாரை எடுத்துவிட்டு, காலிப்பரைப் பிரித்து, பிரேக் ஹோஸ் இழுபடாமல் கம்பியில் தொங்கவிட்டார். வெல்டிங் எர்த்தைப் போல்டுக்குப் பக்கத்திலேயே மாட்டினார். கரன்ட் வீல் பேரிங் வழியாகப் போனால் பேரிங் கெட்டுவிடுமாம். பிறகு மழுங்கிய தலை மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்தார். அந்தச் சூடே துருவின் பிடியை விடுவிக்கும் என்றார். சிவப்பு அடங்கியதும் ஸ்பேனர் போட்டு, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று அசைத்தார். கிறீச்சென்று ஒரு சத்தம், வந்துவிட்டது. ஒடிந்த துண்டும் உள்ளேயே இருந்தபடி போல்டோடு வந்தது.

மரையை, மரை வெட்டும் டேப் போட்டுச் சுத்தம் செய்து, தலையில் 10.9 என்று வலுவின் தரம் பொறித்த கம்பெனி போல்ட் வாங்கி வரச் சொன்னார். நம் பக்கம் "ஸ்டீல் போல்ட் போடுங்க, துருப் பிடிக்காது" என்று ஸ்டெயின்லெஸ் போல்டை எடுத்து நீட்டுவார்கள். பிரேக்கில் அதைப் போட விடாதீர்கள். கடையில் சாதாரணமாகக் கிடைப்பதன் வலு 10.9 போல்டைவிட வெகுவாகக் குறைவு. இடது பக்கமும் புது டிஸ்க் ஏறிய பிறகு இழுப்பு நின்றது.

முதல் பட்டறைக்குத் திரும்பிப் போய்க் கேட்டோம். "கடக்காத்துல போல்ட் ஒடஞ்சா நான் என்ன சார் பண்ண முடியும்?" என்றார். எம்சீல் ஏன் வைத்தீர்கள், மாற்றாத டிஸ்க்குக்குக் காசு ஏன் என்றதற்குப் பதிலே இல்லை. பணம் திரும்ப வரவில்லை. துண்டுச் சீட்டில் எழுதிய பில், பணம் அனுப்பிய மொபைல் பதிவு, எம்சீல் உதிரும்போது எடுத்த போட்டோக்கள், பழைய டிஸ்க், அந்தப் போல்ட் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாயிற்று. அதில் தீராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் பழைய சாமானைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

சமீபத்தில் பிரேக் வேலை பார்த்தவர்கள் நம்பிக்கையான ஆளிடம் சக்கரத்தைக் கழற்றி, உட்பக்கம் இருக்கும் இரண்டு பிராக்கெட் போல்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தலையில் பூச்சோ, புதுப் பெயின்டோ, ஓட்டையோ தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கே வரச் சொல்லுங்கள்.