பதினாறு பூதங்களும் ஒரு மறுபதிப்பும்

பெங்களூரு ஹலசூரில் தமிழ் இளைஞர்கள் கூடும் வீடுகளில், சோனியின் வீடியோ கேம் கருவியான பிளேஸ்டேஷனில் ஆட அடுத்து எந்த ஆட்டத்தை வாங்குவது என்ற பேச்சு எழும்போது, சோனியின் இரண்டு முகங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

முதலாவது, சோனியின் சொந்த ஆட்ட உருவாக்கப் பிரிவாக இருந்த ஜப்பான் ஸ்டுடியோவின் முகம். 2001இல் வந்த ‘ஐகோ’வின் திரையில் உயிர் அளவைக் காட்டும் பட்டை கிடையாது, ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் சிறுவனின் கை சிறுமியின் கையை விடாதிருக்கும். 2005இல் வந்த ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ஸில் பதினாறு பூதங்களைத் தவிர வேறு எதிரிகளே இல்லை, பரந்த வெற்று நிலத்தில் குதிரையில் அலைவதே ஆட்டத்தின் பெரும்பகுதி. இன்று எந்த நிதிப் பிரிவு இதற்கு ஒப்புதல் தரும்?

இரண்டாவது, விற்றதையே மீண்டும் விற்கும் முகம். 2013இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’, 2014இல் மெருகேற்றப்பட்டும் 2022இல் புதிதாக உருவாக்கப்பட்டும் கடைக்கு வந்தது. கைத்திறனில் குறை சொல்ல முடியாது. ஆனால் கதை தெரிந்தவருக்கு முழு விலை அதிகம் என்பதே என் கருத்து. செலவு பன்மடங்கு பெருகிய தொழிலில் சோனியின் இந்த எச்சரிக்கை உணர்வு புரிந்துகொள்ளக்கூடியதே.

எனினும் பாதுகாப்பானது என்று எண்ணப்பட்டது எப்போதும் பாதுகாப்பாக இருப்பதில்லை. இணையவழித் துப்பாக்கி ஆட்டங்களின் சந்தையை நம்பி 2024 ஆகஸ்டில் வெளியான ‘கான்கார்ட்’ இரண்டே வாரத்தில் நிறுத்தப்பட்டது. ஜப்பான் ஸ்டுடியோ 2021இல் கலைக்கப்பட்டபோது எஞ்சிய டீம் அசோபியின் ‘ஆஸ்ட்ரோ பாட்’தான் 2024இன் சிறந்த ஆட்டத்திற்கான கேம் அவார்ட்ஸ் விருதைப் பெற்றது. ஒரே ஆட்டத்திற்குத்தான் பணம் என்றால், நான் அதையே வாங்கச் சொல்வேன்.