எலக்ட்ரிக் பிரஷர் குக்கர்: ஆறு மாதம் சமைத்த பிறகு

6 லிட்டர் குக்கர், நான்கு பேருக்குத் தாராளம். அடுப்பு முன்னால் காவல் நிற்க வேண்டாம் என்பதற்காகத்தான் வாங்கினேன்.

முதலில் ஒன்று. திரையில் 20 நிமிடம் என்று காட்டுவதை நம்பி யாரையும் சாப்பிடக் கூப்பிட்டுவிடாதீர்கள். ஆவி கட்டவே பத்து நிமிடம் போகும், தானாக அடங்க இன்னொரு பத்து. இது புரியாமல் முதல் வாரம் முழுக்க எங்கள் வீட்டில் சாப்பாடு லேட்.

கொண்டைக்கடலையில்தான் இது தன் திறமையைக் காட்டுகிறது. இரவே ஊறவைத்து, உப்புப் போட்டு, 15 நிமிடம் வைத்தால் போதும். விரலால் அழுத்தினாலே மசியும், ஆனால் உருக்குலையாது. அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிச் சூடாவதால் வரும் வேகம் இது. நான் எப்போதும் இரண்டு மடங்காக வேகவைத்து, பாதியை ஃப்ரீசரில் போட்டுவிடுவேன். அவசர நாளில் சூப், சாலட் எதற்கும் கைகொடுக்கும்.

வெங்காயம் வதக்கினால், கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அடியில் பிடித்ததைச் சுரண்டிவிட்டு மூடுங்கள். நான் சுரண்டாமல் மூடி, ஒருநாள் தக்காளி சாஸைக் கருக்கினேன்.

பெரிய குறை, மூடியில் இருக்கும் சிலிகோன் வளையம். பூண்டு வாசனையைப் பிடித்தால் விடுவதே இல்லை. மகள் பிறந்தநாளுக்குச் செய்த கஸ்டர்டில் பூண்டு மணம்! அவள் ஒரு ஸ்பூனோடு தட்டைத் தள்ளிவிட்டாள். அப்புறம் இனிப்புக்கென்று தனி வளையம் வாங்கினேன். அதைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்திருக்கலாம்.