கிறிஸ்தவக் கலைஞர்களின் கிரவுட்ஃபண்டிங்: பல வருடமாகப் பணம் போட்டுவரும் ஒருவனின் அனுபவம்

பலரிடமிருந்து சிறு சிறு தொகையாகப் பணம் திரட்டுவதுதான் கிரவுட்ஃபண்டிங். அதற்கான இணையதளங்களில் ஒன்றான கிக்ஸ்டார்ட்டரில் நான் முதலில் பணம் போட்டது 2013இல், ஆண்ட்ரூ பீட்டர்சன் எழுதிய சிறுவர் நாவல் வரிசையின் நான்காம் பாகத்துக்கு. அவர் அமெரிக்காவில் நாஷ்வில்லில் இருக்கும் பாடகர், எழுத்தாளர். வரிசையின் முதல் இரண்டு நூல்களைப் பெரிய பதிப்பகம் ஒன்று வெளியிட்டது. மூன்றாவதை அவரும் நண்பர்களும் நடத்தும் ராபிட் ரூம் என்ற சிறு பதிப்பகமே 2011இல் கொண்டுவந்தது. நான்காவதுக்கு நேராக வாசகர்களிடமே வந்துவிட்டார். கேட்டதைவிடப் பலமடங்கு சேர்ந்தது, 2014இல் புத்தகமும் வந்தது. அன்று பிடித்த பழக்கம் இன்றுவரை தொடர்கிறது. பாட்டு ஆல்பம், ஓவிய நூல், கவிதைத் தொகுப்பு, மாதச் சந்தா என்று ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒன்றில் பங்கெடுத்து வருகிறேன். புதிதாகப் பணம் போட நினைப்பவர்களுக்கும், சொந்தமாக ஒன்றைத் தொடங்க நினைக்கும் நம் ஊர்ப் பாடகர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் உதவும் என்று இதை எழுதுகிறேன்.

எங்கள் சபை மூப்பர் ஒருவர் ஒருமுறை கேட்டார்: "ஏன் தம்பி, முகம் தெரியாத வெள்ளைக்காரனுக்கு அனுப்புறதை நம்ம கட்டட நிதிக்குக் கொடுக்கலாம்லா?" "கட்டட நிதிக்கும் கொடுக்கேன் ஐயா. அது காணிக்கை. இது புத்தகம் வாங்குற காசு, கொஞ்சம் முன்னாடியே கொடுக்கேன், அவ்வளவுதான்" என்றேன். அந்தப் பதிலை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. இந்தப் பகிர்விலும் நான் சொல்ல வருவது பெரும்பாலும் அதுதான்: காணிக்கை வேறு, முன்பணம் வேறு, முதலீடு வேறு. இந்த மூன்றையும் கலக்காத படைப்பாளியை நம்பலாம்.

இவர்கள் ஏன் இப்படிக் கேட்க வேண்டியிருக்கிறது? பொதுப் பதிப்பகம் "மத வாசனை அதிகம்" என்று ஒதுக்கும். கிறிஸ்தவப் புத்தகக் கடைகளோ "இதில் சந்தேகமும் கெட்ட வார்த்தையும் இருக்கிறதே" என்று ஒதுக்கும். நல்ல எழுத்து பல நேரம் இந்த இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்கிறது. அமெரிக்க எழுத்தாளர் டொனால்ட் மில்லரின் 'ப்ளூ லைக் ஜாஸ்' நூலைப் படமாக்கும் முயற்சி இதற்குச் சரியான உதாரணம். டெக்சாஸ் பாப்டிஸ்ட் குடும்பத்துப் பையன் ஒருவன் போர்ட்லாண்டில் கடவுள் நம்பிக்கையே இல்லாத கல்லூரியில் போய்ச் சேரும் கதை. இயக்குநர் ஸ்டீவ் டெய்லர். பணம் திரளவில்லை, படம் நின்றுவிட்டது என்று 2010இல் மில்லர் அறிவித்தார். உடனே வாசகர்கள் இரண்டு பேர் தாங்களாகவே கிக்ஸ்டார்ட்டரில் ஒரு பக்கம் திறந்தார்கள். இலக்கு 1,25,000 டாலர். சேர்ந்தது 3,45,992 டாலர், கொடுத்தவர்கள் 4,495 பேர். 2012இல் படம் திரைக்கு வந்தது. இதற்கிடையே 2011இல், 2003இலேயே கலைந்துபோயிருந்த டென்வரின் ஃபைவ் அயர்ன் ஃப்ரென்ஸி இசைக்குழு திரும்பக் கூடி 30,000 டாலர் கேட்டது. ஒரு மணி நேரத்துக்குள் அது நிரம்பிவிட்டது, கடைசியில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. எட்டு வருடம் கலைந்தே கிடந்த குழு அது. கடைக்காரர்களும் கம்பெனிகளும் இல்லை என்று சொன்ன ரசிகர்கள் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இனி பணம் திரட்டும் வகைகளுக்கு வருகிறேன். முதல் வகை முன்பணம். கிக்ஸ்டார்ட்டரில் இலக்கு நிரம்பினால்தான் நம் கார்டில் பணம் எடுப்பார்கள், நிரம்பாவிட்டால் ஒரு பைசா போகாது. நிரம்பினால் தளத்துக்கு 5 சதவீதம், அதற்கு மேல் பணப் பரிமாற்றக் கட்டணம். அங்கே தர்ம காரியத்துக்கு நிதி கேட்கக் கூடாது, பகிரக்கூடிய ஒன்றைப் படைத்தே ஆக வேண்டும் என்பது விதி. கிறிஸ்தவர்களுக்கு அந்த விதி பெரிய பாதுகாப்பு என்று நினைக்கிறேன். ஊழியத்துக்குக் கொடுங்கள் என்று பொதுவாகக் கேட்க முடியாது. இத்தனை பக்கம், இந்தத் தாள், இந்த மாதம் என்று சொல்லியாக வேண்டும்.

பைபிள் புராஜெக்ட் இதற்கு நேர் எதிர் வழி. டிம் மேக்கியும் ஜான் காலின்ஸும் போர்ட்லாண்டில் 2014இல் தொடங்கினார்கள். கொடுப்பவருக்குத் தனிப் பரிசு என்பது அங்கே பெரிதில்லை. வேதாகம நூல்களை விளக்கும் அனிமேஷன் காணொளிகள் எல்லாருக்கும் இலவசம். ஒருவர் கொடுக்க, ஊரே பார்க்கிறது. தமிழிலும் அந்தக் காணொளிகள் இருக்கின்றன. எங்கள் வாலிபர் கூட்டத்தில் போட்டுப் பார்த்துப் பேசியிருக்கிறோம். இது முழுக்கக் காணிக்கை, அவர்களும் அப்படியே கேட்கிறார்கள். அதனால் எனக்கு இதில் எந்தக் குழப்பமும் வந்ததில்லை.

மூன்றாவது வகையில்தான் கவனம் அதிகம் வேண்டும். டல்லஸ் ஜென்கின்ஸ் தன் சபையின் கிறிஸ்துமஸ் ஆராதனைக்காக எடுத்த குறும்படத்திலிருந்து இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் 'தி சோசன்' தொடர் பிறந்தது. முதல் சீசனுக்கு ஆயிரக்கணக்கானோரிடமிருந்து 1 கோடி டாலருக்கு மேல் திரட்டினார்கள். அது நன்கொடையும் இல்லை, முன்பணமும் இல்லை, பங்கு முதலீடு. அமெரிக்காவின் 2012ஆம் ஆண்டு ஜாப்ஸ் சட்டம் சாதாரண மக்களும் இப்படிச் சிறு தொகையில் பங்கு வாங்க வழிவிட்டது. பீட்டர்சனின் நாவல்களும் இதே முதலீட்டு வழியில் அனிமேஷன் தொடராகி 2022 டிசம்பரில் வெளிவரத் தொடங்கின. பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் முதலீடு என்று வந்துவிட்டால் நாம் வாசகர் இல்லை, பங்குதாரர். பணம் திரும்பாமலே போகலாம், எழுத்து மூலமாகவே அதைச் சொல்லியிருப்பார்கள். "இயேசுவுக்காக" என்ற உணர்ச்சியில் அந்த ஆவணத்தைப் படிக்காமல் கையெழுத்து போடாதீர்கள்.

தாமதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான் பணம் போட்டவற்றில் சொன்ன மாதத்தில் வந்தவை குறைவு. அது எனக்குக் குறையாகப் படவில்லை. ஆடம் லூயிஸ் கிரீன் என்ற இளம் வடிவமைப்பாளர் 2014இல் 'பிப்லியோதெக்கா' என்ற வேதாகமப் பதிப்புக்கு 37,000 டாலர் கேட்டார். அதிகார எண், வசன எண், அடிக்குறிப்பு எதுவும் இல்லாமல், பக்கத்தை இரண்டாகப் பிரிக்காமல், நாவலைப் போலப் படிக்கும்படி பல தொகுதிகளில் வேதாகமம். எழுத்துருவையும் அவரே வரைந்தார். மூலம் 1901ஆம் ஆண்டின் அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் மொழிபெயர்ப்பு. 14,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்து 14 லட்சம் டாலருக்கு மேல் கொட்டிவிட்டார்கள். ஐந்நூறு செட் அடிக்க நினைத்த ஆள் பல்லாயிரம் செட் அடிக்க வேண்டிய நிலை வந்தால் என்ன ஆகும்? பழைய நடையைத் திருத்த ஆட்கள் வேண்டும், மெய்ப்பு பார்க்க ஆட்கள் வேண்டும், அந்த அளவுக்கு அச்சிட்டுக் கட்டும் அச்சகம் வேண்டும். வேலை ஜெர்மனி அச்சகம் வரை போனது, நூல் கைக்கு வர 2016 கடைசி ஆகிவிட்டது. நண்பர் வீட்டில் அந்தத் தொகுதியில் ஆதியாகமத்தை எடுத்து உட்கார்ந்து, யோசேப்பின் கதை முடியும்வரை எழுந்திருக்காமல் படித்தேன். எண்கள் இல்லாத பக்கம் கண்ணை எங்கேயும் நிறுத்துவதில்லை. இப்படி ஒரு பொருளுக்கு இரண்டு வருடம் காத்திருக்கலாம்.

காத்திருக்க முடியாதது மௌனம். நல்ல படைப்பாளி தாமதமானால் எழுதுவார்: தாள் விலை ஏறிவிட்டது, ஓவியருக்கு உடம்பு சரியில்லை, கப்பல் சரக்கு துறைமுகத்தில் நிற்கிறது. அந்தக் கடிதங்களை நான் புத்தகத்தைப் போலவே ரசித்துப் படித்திருக்கிறேன். ஒரு சிறுவர் படநூலுக்கு ஓவியர் நிராகரித்த பக்கங்களையும் ஏன் நிராகரித்தார் என்பதையும் மாதாமாதம் அனுப்பினார். என் மகள் அவற்றைப் பார்த்து வரையத் தொடங்கினாள். இன்னொரு ஆல்பம் இதற்கு நேர்மாறு. முதலில் பதிவு நடக்கிறது என்று வந்தது. பிறகு "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று வந்தது. அதன் பிறகு "கர்த்தர் தமது வேளையில் வாசலைத் திறப்பார்" என்று வந்தது. பிறகு எதுவும் வரவில்லை. பணம் சிறிய தொகைதான். ஆனால் ஸ்டுடியோ தேதி சொல்ல வேண்டிய இடத்தில் வசனத்தைச் சொல்லியது என்னை மிகவும் காயப்படுத்தியது. கேள்வி கேட்டால் விசுவாசம் குறைந்தவன் போல ஆகிவிடும் என்று எத்தனை பேர் சும்மா இருந்திருப்பார்கள்!

எருசலேம் சபைக்காகப் பணம் சேர்த்தபோது பவுல் என்ன செய்தார் என்பது இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. தீத்துவோடு, சபைகளே தெரிந்தெடுத்த இன்னொரு சகோதரனையும் கூட அனுப்பினார். அத்தனை பணத்தைக் கையாளும்போது யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக் கூடாது, கர்த்தருக்கு முன் மட்டுமல்ல, மனிதருக்கு முன்பும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று காரணமும் சொன்னார். அப்போஸ்தலனே கணக்குக்கு ஆள் வைத்திருக்கும்போது கித்தார் வாசிப்பவர் வைக்கக் கூடாதா?

தளங்களும் அழியும் என்பதை மறக்க வேண்டாம். இசைக்கலைஞர்கள் பலர் நம்பியிருந்த பிளெட்ஜ்மியூசிக் 2019இல் முடங்கியபோது, ரசிகர்கள் கொடுத்த பணம் கலைஞர்களுக்குப் போய்ச் சேராமல் நின்றது. கலைஞரின் சொந்த மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்துகொள்வது நல்லது.

இந்தியாவிலிருந்து பணம் போடுபவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்கு அனுமதி உள்ள கார்டு வேண்டும். வங்கி டாலர் மாற்றுக்குத் தனியாகக் கட்டணம் பிடிக்கும். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புதிய விதி வந்த பிறகு கார்டில் தானாகப் போகும் மாதச் சந்தாக்கள் பல நின்றுபோயின, கலைஞர்களுக்கு மாதச் சந்தா கட்டும் பேட்ரியான் போன்ற தளங்களில் ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அச்சு நூலுக்கு அனுப்பும் செலவு நூலின் விலையை எட்டிவிடும். 2019 பட்ஜெட்டிலிருந்து வெளிநாட்டு நூல்களுக்கு 5 சதவீத சுங்க வரியும் உண்டு. அதனால் நான் இப்போது பெரும்பாலும் மின்னூல், பாட்டுக் கோப்பு இவற்றையே எடுக்கிறேன். படநூல் மட்டும் அச்சில்.

நம் ஊரில் தொடங்க நினைப்பவர்களுக்கு: இந்தியாவிலிருந்து கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்க முடியாது. கீட்டோ, மிலாப் போன்ற தளங்களுக்கு வருபவர்கள் பெரும்பாலும் மருத்துவச் செலவுக்கு உதவ வருபவர்கள். ஆனால் வழி இல்லாமல் இல்லை. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க ஊர் ஊராகக் கையொப்பம், அதாவது நூலுக்குப் பணம் தருவதாக முன்கூட்டியே ஒப்புதல், வாங்கித்தான் பணம் சேர்த்தார். முன்வெளியீட்டுத் திட்டம் இன்றும் தமிழ்ப் பதிப்புலகில் நடக்கிறது. ஒரு கீர்த்தனை ஆல்பத்துக்கோ சிறுவர் வேதக் கதைநூலுக்கோ முந்நூறு பேர் முன்பணம் கொடுத்தால் போதும், யூபிஐ இருக்கிறது. சபை மேடையில் நின்று காணிக்கை நேரத்தில் கேட்காதீர்கள், தனியாகக் கேளுங்கள். அச்சகத்தின் விலைப்புள்ளியை அப்படியே காட்டுங்கள். முன்பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, அதைப் பார்க்க உங்கள் குடும்பத்தைச் சேராத ஒருவர். வெளிநாட்டிலிருந்து உறவினரோ சபையோ அனுப்புவதாகச் சொன்னால் வாங்குவதற்கு முன் ஆடிட்டரிடம் கேளுங்கள். வெளிநாட்டு நன்கொடைக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அப்படி யாராவது தமிழில் தொடங்கினால் மின்னூல் போதும் என்று சொல்ல மாட்டேன், அச்சுப் பிரதிக்கே பணம் கட்டுவேன், சபை நூலகத்துக்கும் சேர்த்து.